கொசுறுக்குத் தலைப்பு இல்லை

"வணக்கம். தங்கள் நிதியாண்டை நிறைவு செய்து தருவதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன். ஒரே ஒரு வரி மட்டும் எஞ்சியிருக்கிறது" என்று கணக்குப் பெட்டியான நிகர் மறுபடியும் சொன்னது.

தனுஷ்கோடிக்கு அந்தப் பெட்டியை அப்படியே தூக்கி, கொதிக்கிற எண்ணெய்க் கடாயில் போட்டுவிடலாமா என்று இருந்தது. போட்டால் அதற்கும் ஒரு காரணம் கேட்கும் என்பதனால் மட்டுமே அவர் பொறுமையாக இருந்தார்.

சாத்தூர் பேருந்து நிலையத்திற்கு எதிர்ச்சாரியில் இருக்கும் வெயிலுகந்தாள் மிட்டாய்க் கடை காரச்சேவுக்குப் பெயர் போனது. அந்தக் கடைக்குள் நிகர் வந்து சேர்ந்து சரியாக ஓராண்டு ஆகியிருந்தது. அரசாங்கம் அதைத் தராசுகளோடு சேர்த்தே கொடுத்திருந்தது. சரக்கு வாங்கும் இடத்தில் ஒரு தராசு, விற்கும் இடத்தில் ஒரு தராசு, சேவு குவித்திருக்கும் தாம்பாளத்துக்குக் கீழே ஒரு தராசு, குப்பைத் தொட்டிக்குக் கீழேயும் ஒரு தராசு. உள்ளே வந்த கடலைமாவையும் வெளியே போன காரச்சேவையும் ஆண்டு முழுவதும் அது தானே எடை பார்த்து, தானே எழுதி, மார்ச் முப்பத்தொன்றாம் தேதி வரிக் கணக்கைத் தானே முடித்துக் கையில் தந்துவிடும். உரிமையாளர் செய்ய வேண்டியதெல்லாம் 'சரி' என்று சொல்வது ஒன்றுதான். பெரிய கடைகளுக்குப் போன ஆண்டே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. சிறு கடைகளுக்கு இதுவே முதல் ஆண்டிறுதி. மார்ச் மாதம் பிறந்தால் பில் கட்டுகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு ஆடிட்டர் வீட்டு வாசலில் தவம் கிடந்த வியாபாரிகள் அனைவரும் நிகரைச் சந்தனம் குங்குமம் வைத்தே வரவேற்றார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தனுஷ்கோடியும் வைத்தார். அந்தக் குங்குமம் இன்னும் பெட்டியின் நெற்றியில் அழியாமல் இருந்தது.

"என்ன வரி அது? இன்னொரு தடவ சொல்லு" என்றார் அவர்.

"இருப்புக் குறைவு. நானூற்றுப் பன்னிரண்டு கிலோ. தயாரிக்கப்பட்டது, விற்கப்படவில்லை, குப்பையிலும் இல்லை, கடையிலும் இல்லை. அன்புகூர்ந்து காரணம் கூறுங்கள்."

"காயும்போது சுண்டியிருக்கும்யா!"

"எண்ணெய் உறிஞ்சப்படுவதும் ஈரம் வெளியேறுவதும் ஏற்கெனவே கழிக்கப்பட்டுள்ளன. தங்கள் புரிதலுக்கு நன்றி."

மாலை ஆறு மணிக்குள் காரணம் பதிவாகாவிட்டால் கணக்கு முடியாது. கணக்கு முடியாவிட்டால், நாளைக் காலையில் தராசு திறக்காது. பங்குனிப் பொங்கல் வாரத்தில் தராசு பூட்டிக் கிடக்கும் மிட்டாய்க் கடையை நினைத்துப் பார்க்கவும் அவருக்குத் துணிவில்லை. ஆடிட்டர் ஹெப்சிபாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சற்றுத் தள்ளி, விற்பனைத் தராசின் முன் சீனியம்மாள் நின்றிருந்தாள். அந்தக் கடையில் அந்த இடம் பல ஆண்டுகளாக அவளுடையது. ஒரு அள்ளு அள்ளித் தட்டில் போட்டால் கேட்ட எடைக்கு ஒரு கிராம் கூடாது, குறையாது என்பார்கள். எடை பார்த்து, காகிதத்தில் கொட்டி, பொட்டலத்தை மடிப்பதற்கு முன், மூன்று விரலால் இன்னும் கொஞ்சம் எடுத்து மேலே தூவுவாள். வாங்குகிறவரின் பார்வை அந்த மூன்று விரலின் மேல்தான் இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் அவர்கள் முகத்தில் வாங்கிய திருப்தி வரும்.

அன்று காலையிலும் அவள் அப்படித்தான் தூவிக்கொண்டிருந்தாள்.

ஹெப்சிபா வந்ததும் வராததுமாகப் பெட்டியின் திரையை நோக்கிக் குனிந்தாள். கோவில்பட்டியில் சிறு வியாபாரிகளுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் பெண். நிகர் வந்த பிறகு அவளுடைய வேலை, நிகரிடம் மாட்டிக்கொண்டவர்களை மீட்பது என்று மாறிப்போயிருந்தது.

"அண்ணாச்சி, இந்த நானூறு கிலோ எங்க போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் சிறிது நேரத்தில். "இந்தா, நம்ம கண்ணு முன்னாடியேதான் போய்க்கிட்டிருக்கு."

அவள் காட்டிய திசையில் சீனியம்மாளின் மூன்று விரல்கள் இருந்தன.

"கொசுறா?" தனுஷ்கோடிக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. "கொசுறு போட்டது எல்லாஞ் சேந்தா நானூறு கிலோ?"

"நாள் முழுக்க எத்தன பொட்டலம் போகுது? அம்புட்டுலயும் ஒரு சிட்டிகை. தராசுல இருந்து எடுத்ததுக்கு அப்புறம் போடுறதால அதோட கண்ணுல படல."

"முன்னாடி இதெல்லாம் எப்படி எழுதுனீங்க, ஆடிட்டரம்மா?"

"சேதாரம்னு ஒரு வரி எழுதிருவேன். யாரும் கேக்க மாட்டாக. இப்ப குப்பைத் தொட்டியையும்ல எடை போடுது."

"சரி, கொசுறுன்னே எழுதிருங்க. இதுல என்ன இருக்கு?"

ஹெப்சிபா திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஐந்து தலைப்புகள் இருந்தன. "இந்த அஞ்சுல ஒண்ணாத்தான் இருக்கணும். கொசுறுக்குத் தலைப்பு இல்ல, அண்ணாச்சி."

அதற்குப் பிறகு நடந்ததை எவ்வளவு பணிவாகச் சொன்னாலும் கூத்து என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. சேதாரம் என்று தொட்டார்கள். "குப்பைத் தொட்டியின் எடை ஒத்துவரவில்லை. இவ்வளவு உணவு கெட்டிருப்பின் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் அனுப்பட்டுமா?" என்று நிகர் கேட்டது. வேண்டாம் என்று பதறிப்போய் அழித்தார்கள். சொந்த உபயோகம் என்று தொட்டார்கள். "தங்கள் குடும்பத்தில் மூவர். நாளொன்றுக்கு ஒரு கிலோவிற்கு மேல் காரச்சேவு உட்கொள்வது தங்கள் மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவிக்கப்படும். தங்கள் நலனில் எங்களுக்கு அக்கறை உண்டு" என்றது. நன்கொடை என்று தொட்டார்கள். பெற்றவர் ஒவ்வொருவரின் பெயரும் அடையாள எண்ணும் கேட்டது. பெற்ற நன்கொடை அவரவர் வருமானத்தில் சேரும் என்றும் கனிவோடு எச்சரித்தது.

"பஸ்ஸப் பிடிக்க ஓடுறவன்கிட்ட நின்னு அடையாள எண்ணு கேக்கவா?" என்று தனுஷ்கோடி கத்தினார்.

"மறைக்கப்பட்ட விற்பனைன்னு போட்டா?" என்று அவரே தணிந்த குரலில் கேட்டார்.

"வரி, அதுக்கு மேல அபராதம்" என்றாள் ஹெப்சிபா. "அது போனாப் போகுதுன்னு கட்டிரலாம். ஆனா மூணு வருசத்துக்கு உங்க கடை ஏமாத்துற கடைங்கிற பட்டியல்ல இருக்கும். கடலைமாவு மில்லுக்காரன் உங்களுக்கு அனுப்புற ஒவ்வொரு மூட்டைக்கும் அவன்கிட்ட விளக்கம் கேப்பாக. அவன் எதுக்கு அந்த வம்புன்னு சரக்கையே நிறுத்திருவான்."

மீதமிருந்தது ஐந்தாவது தலைப்பு. ஊழியர் கையாடல். அதைச் சுற்றி மட்டும் பச்சை நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"தங்கள் சூழ்நிலைக்கு இத்தலைப்பைப் பரிந்துரைக்கிறேன்" என்றது நிகர். "தங்களுக்கு வரி இல்லை, அபராதம் இல்லை. இழப்பில் ஒரு பகுதி காப்பீட்டில் திரும்பக் கிடைக்கும். விற்பனைத் தராசைத் திறக்கப் பதிவாகியுள்ள உள்ளங்கை ஒன்றே ஒன்றுதான் என்பதால், பெயரை நானே நிரப்பிக்கொள்வேன். தாங்கள் ஒருமுறை தொட்டால் போதும்."

சீனியம்மாளுக்குக் காதில் விழுந்ததா என்று தனுஷ்கோடிக்குத் தெரியவில்லை. அவள் ஓட்டுநர் ஒருவரிடம், "சில்லறை இல்லேன்னா வண்டிய வச்சுட்டுப் போங்க" என்று கேலி பேசிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் பலசரக்குக் கடை அய்யாக்கண்ணு உள்ளே வந்தார். பெரிய கடை. அவருக்கு இந்தத் தொல்லை போன ஆண்டே முடிந்திருந்தது.

"ஏம்ப்பா தனுஷ்கோடி, இதுக்காடா காலையில இருந்து மண்டையப் பிச்சுக்கிட்டிருக்க? அஞ்சாவத அமுக்கு. நான் அதத்தான் அமுக்குனேன். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. போலீசு, கேசு, ஒண்ணுங் கிடையாது."

"உங்க கடையில யாரு பேருண்ணே விழுந்துச்சு?"

அய்யாக்கண்ணு மூக்கைச் சொறிந்தார். "முத்துக்காளை பேருதான். அவன்தான தராசுல நிப்பான்."

"இப்ப எங்க அவரு?" என்று ஹெப்சிபா கேட்டாள்.

"லாரி செட்ல மூட்ட தூக்குறான்." அவரே தொடர்ந்தார். "அவன் கைய வச்சா எந்தத் தராசும் திறக்க மாட்டேங்குதும்மா. நானும் விருதுநகர் வரைக்கும் சொல்லிப் பாத்தேன். எந்தக் கடையிலயும் உள்ளங்கைய வச்ச உடனே செவப்பு எரியுது. இருபது வருசம் எடை போட்டவன். என்னப் பாத்தா இப்பவும் சிரிக்கத்தான் செய்றான். நாந்தான் அந்தத் தெருப்பக்கம் போறதில்ல." பிறகு, சொன்னது அதிகமாகிவிட்டது போல வாசல் பக்கம் நகர்ந்தார். "உன் இஷ்டம்ப்பா. கடைய மூடுறதுக்கு இது தேவலாம்."

அவர் போன பிறகு தனுஷ்கோடி வெகுநேரம் அந்தப் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் நான்கு பேர். அவர்கள் வீடுகள் நான்கு. தம் வீடு ஒன்று. ஒரு பெயருக்கு எதிராக ஐந்து வீடுகள் என்று மனம் தன் போக்கில் ஒரு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு சரியாக வந்ததுதான் அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆயினும் அவருடைய விரல் திரையை நோக்கிப் போகத்தான் செய்தது.

"முதலாளி."

சீனியம்மாள் தராசை விட்டு நகரவில்லை. கழுத்தை மட்டும் திருப்பியிருந்தாள்.

"எல்லாங் கேட்டுச்சு. போடுறதுன்னா போட்டுக்கோங்க. ஆனா அத அமுக்குறப்ப என் மூஞ்சியப் பாத்து அமுக்குங்க. அங்கிட்டுத் திரும்பிக்கிட்டு அமுக்காதீங்க."

அவர் பார்த்தார். விரல் தானாகவே மடங்கிக்கொண்டது.

"இத எனக்குச் சொல்லிக் குடுத்தது உங்க அப்பா" என்றாள் அவள். குரல் உயரவில்லை. "நான் சேந்த அன்னைக்கு, தராசுல போட்டா அது சரக்கு, எடுத்ததுக்கப்புறம் போட்டாத்தான் கொசுறுன்னாக. இம்புட்டு நாள் போட்டேன். இப்பத் திருட்டாம்ல. சரி. இனிமே இந்தக் கையி தராசுக்கு மேல ஒரு துளி போடாது."

ஹெப்சிபா இதற்கிடையில் விதிகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, ஒரு வழி இருக்கு! வட்டார வழக்காறுன்னு ஒரு விதி. ஒரு ஊர்ல ஒரு தொழில்ல எல்லாரும் செய்ற வழக்கம்னு வாங்குறவுகளே குரல்ல சாட்சி சொன்னா, புதுத் தலைப்பு திறக்கலாம். இருபத்தஞ்சு பேர் போதும். வெளிய வரிசையில அதுக்கு மேலயே நிக்கிறாக!"

பொங்கலுக்குச் சேவு வாங்க வந்த கூட்டம் சாலை வரைக்கும் நின்றது. அனைவரும் ஆண்டுக்கணக்காகக் கொசுறு வாங்கியவர்கள். தனுஷ்கோடிக்கு அன்று முதன்முதலாக மூச்சு வந்தது. ஹெப்சிபா நிகரின் கையடக்க ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனாள். முதலில் நின்றவர் ஓய்வுபெற்ற சார்பதிவாளர் பாக்கியநாதன். தினமும் மாலையில் இருநூறு கிராம் வாங்குபவர். சட்டம் தெரிந்தவர் என்று தெருவில் மதிப்பு.

"வணக்கம் ஐயா" என்றது நிகர். "இக்கடையில் தாங்கள் விலை கொடுத்த எடைக்கு மேல் எப்போதாவது பெற்றதுண்டா?"

பாக்கியநாதன் ஒலிவாங்கியைப் பார்த்தார். கடைக்குள் வியர்த்துப்போய் நின்ற தனுஷ்கோடியைப் பார்த்தார். சோதனை வந்திருக்கிறது என்பது அவருக்கு நொடியில் விளங்கிவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"ஒருக்காலும் இல்லை! துளிகூடக் கிடையாது! சுத்தமான வியாபாரம்!"

"சார், அப்படியில்ல சார், உண்மையச் சொல்லுங்க" என்று ஹெப்சிபா கெஞ்சினாள்.

"உண்மையத்தான் சொல்றேன். நீ போம்மா."

அவர் சொன்னது வரிசையின் கடைசி வரைக்கும் காற்றாய்ப் போய்ச் சேர்ந்தது. அண்ணாச்சி கடையில் ரெய்டு. அவ்வளவுதான், ஊரே ஒன்றாகிவிட்டது.

"சீனியம்மாவா? கல்நெஞ்சுக்காரி! அரைச் சேவு கூடுனா ஒடச்சுத் திருப்பிப் போட்ருவா!" என்றார் முன்பு கேலி பேச்சு வாங்கி, மறுபடியும் வந்து நின்ற ஓட்டுநர்.

"கொசுறா? அப்படின்னா என்னாதுங்க?" என்றாள் இட்லிக் கடைக்காரி ஒருத்தி, கண்ணை அகல விரித்துக்கொண்டு.

தனுஷ்கோடி வெளியே ஓடிவந்து கைகூப்பினார். "ஐயா, சாமி, நீங்க வாங்குனதத்தான் சொல்லச் சொல்றோம்! வாங்குனோம்னு சொல்லுங்க!"

"பயப்படாதீங்க அண்ணாச்சி" என்று அவர் தோளைத் தட்டினார் பாக்கியநாதன். "மெரட்டித்தான் உங்களப் பேச வைக்கிறாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா? நாங்க இருக்கோம்."

தனுஷ்கோடிக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு அன்பை அவர் எதிர்பார்க்கவில்லை. அந்த அன்பு ஒவ்வொரு வாயிலிருந்தும் சீனியம்மாளின் தலையில் ஒரு கல்லாக விழுந்துகொண்டிருந்தது.

"விசாரிக்கப்பட்டோர் எவரும் கூடுதல் எடை பெறவில்லை" என்று நிகர் அறிவித்தது. "ஆகவே ஐந்தாவது தலைப்பிற்கான சான்று வலுப்பெற்றுள்ளது. தங்கள் ஒத்துழைப்பிற்கு உளமார்ந்த நன்றி."

ஹெப்சிபா ஒலிவாங்கியைத் தராசின் பக்கத்தில் வைத்துவிட்டுச் சோர்ந்துபோய் உட்கார்ந்தாள். ஆறு மணிக்கு அதிக நேரம் இல்லை. வரிசை மட்டும் நகர்ந்தாக வேண்டியிருந்தது. சீனியம்மாள் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு தராசின் முன் நின்றாள். வண்டியை எடுக்க அவசரப்பட்ட ஓட்டுநருக்கு முதலில் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அடுத்துப் பாக்கியநாதனுக்கு இருநூறு கிராம். எடை பார்த்தாள். காகிதத்தில் கொட்டினாள். மடித்து, நூலைச் சுற்றி, நீட்டினாள்.

பாக்கியநாதன் வாங்கவில்லை. அவர் பார்வை அவளுடைய விரல்களின் மேலேயே இருந்தது.

"என்னம்மா?"

"என்ன?"

"போடல?"

"என்ன போடல?"

"என்ன போடலையா! கொசுறு எங்க?"

"எட சரியா இருக்குங்க. பாத்துக்கிடுங்க."

"எடை கிடக்கட்டும்மா!" சார்பதிவாளரின் முகம் சிவந்துவிட்டது. "எத்தன வருசமா வாங்குறேன்? என்னைக்காவது கொசுறு இல்லாம இந்தப் பொட்டலத்தக் கட்டியிருக்கியா? இன்னைக்கு என்ன புதுசா? பொங்கல் கூட்டம்னா என்ன வேணாலும் செய்யலாமா?"

"ஆமா, எனக்கும் போடல!" என்றார் பக்கத்தில் பொட்டலம் வாங்கி நின்ற ஓட்டுநர். "நானும் அப்ப இருந்து பாக்குறேன், என்னடா பொட்டலம் செத்த மாதிரி இருக்கேன்னு!"

"இது நல்லாயில்ல அண்ணாச்சி, சொல்லிப்புட்டேன்" என்று இட்லிக் கடைக்காரியும் சேர்ந்துகொண்டாள். "கொசுறு போடாத கடையில நான் எதுக்கு வாங்கணும்? கோவில்பட்டிப் பக்கம் போக எனக்கு வழி தெரியாதா?"

வரிசை முழுவதும் கொதித்து எழுந்தது. வாங்கியதை ஒப்புக்கொள்ள ஒருவருக்கும் மனம் வரவில்லை; வாங்காததைப் பொறுத்துக்கொள்ளவும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. ஒலிவாங்கி தராசின் பக்கத்தில் திறந்தபடியே கிடந்ததை முதலில் கவனித்தவள் ஹெப்சிபாதான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பொறுத்தருள்க" என்றது நிகர். கூட்டம் அடங்கியது. "வாடிக்கையாளர் குறைகள் பதிவாகியுள்ளன. குறையின் தன்மை: கொசுறு வழங்கப்படவில்லை. ஐயா, அது தங்களுக்கு உரியது என்று கருதுகிறீர்களா?"

"உரியது இல்லாம?" பாக்கியநாதன் தராசின் மேல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "நான் என்ன பிச்சையா கேக்குறேன்?"

"இதே குரல் சற்று முன் மறுத்துக் கூறியது. எனினும் அது கேள்விக்கு விடையாகக் கூறப்பட்டது. இது கேட்காமலேயே கூறப்பட்டது. கேட்காமல் கூறப்பட்டதை ஏற்கிறேன்." திரையில் பச்சைக் கோடு அணைந்தது. "நாற்பத்தோரு குரல்கள். வட்டார வழக்காறு நிறுவப்பட்டது. ஆறாவது தலைப்பு: கொசுறு. நானூற்றுப் பன்னிரண்டு கிலோ இத்தலைப்பிற்கு மாற்றப்படுகிறது. சம்மதமா?"

"சரி" என்றார் தனுஷ்கோடி.

சீனியம்மாள் அடுத்த பொட்டலத்தை மடித்தாள்; அன்று அவரிடம் அதற்கு மேல் பேசவில்லை. விரல் திரை வரைக்கும் போனதை அவள் பார்த்திருந்தாள். அதற்கு எந்தத் தலைப்பும் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

கடை அடைக்கும் வேளையில் அய்யாக்கண்ணு வந்து வாசலிலேயே நின்றார். செய்தி அவர் காதுக்கும் போயிருந்தது.

"தனுஷ்கோடி, அந்த ஆறாவது தலைப்பு... போன வருசக் கணக்குக்குத் திருப்பிப் போட முடியுமான்னு கேளேன்."

தனுஷ்கோடி கேட்டார்.

"முடிந்த ஆண்டுகள் முடிந்தவையே" என்றது நிகர். "தங்கள் அக்கறைக்கு நன்றி."

அய்யாக்கண்ணு தலையாட்டினார். அவர் வீட்டுக்குப் போகும் வழி லாரி செட் தெரு. அன்றும் அவர் சுற்றிக்கொண்டுதான் போனார்.

மறுநாள் காலையில் தராசு தடையின்றித் திறந்தது. புது நிதியாண்டின் முதல் வாடிக்கையாளராகப் பாக்கியநாதன் வந்து நின்றார். மாலையில் மட்டுமே வருகிறவர், வெற்றி கொண்டாட வந்திருக்க வேண்டும். சீனியம்மாள் இருநூறு கிராம் அளந்தாள். உடனே நிகர் இனிமையாக ஒலித்தது.

"வழக்காற்றுப்படி கொசுறு பன்னிரண்டு கிராம் சேர்த்து அளக்கவும். பில்லில் தனி வரியாகக் காட்டப்படும்."

அவள் தராசிலேயே இன்னும் கொஞ்சம் போட்டாள். பன்னிரண்டு கிராம். ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை. பில் வந்தது. அதில் காரச்சேவு என்று ஒரு வரி, அதன் கீழே கொசுறு என்று ஒரு வரி, விலை சூன்யம்.

பாக்கியநாதன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பில்லை முழுவதும் படித்தார். திருப்தியோடு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு பொட்டலத்தை மடிக்கவிடாமல், உள்ளங்கையை அதன் மேல் நீட்டினார்.

"இது சரிம்மா. இது கவர்மெண்ட் போட்டது. கொசுறு எங்க?"

சீனியம்மாள் தனுஷ்கோடியைத் திரும்பிப் பார்த்தாள். நேற்று மாலைக்குப் பிறகு அவள் அவரைப் பார்ப்பது அதுவே முதல்முறை. திரையையும், கடாயையும், சாலையில் ஒருவர் பின் ஒருவராக நிற்கத் தொடங்கியிருந்தவர்களையும் அவர் பார்த்தார். பிறகு அவள் முகத்தையே நேராகப் பார்த்தபடி, மெல்லத் தலையசைத்தார்.

மூன்று விரல்கள் போய் வந்தன.

"வணக்கம்" என்றது நிகர். "இருப்புக் குறைவு: பதினொரு கிராம். காரணம் கூறுவதற்குத் தங்களுக்கு அடுத்த மார்ச் மாதம் வரை அவகாசம் இருக்கிறது."